சின்ன ஓடையில் ஒன்றுமில்லை

டோரன் பே என்ற கடலோர ஊரில் ஐம்பத்திரண்டு வீடுகள். ஐம்பத்திரண்டு சமையலறையிலும் ஒரு வயர்லெஸ் பெட்டி உண்டு. காலையில் கண் விழித்ததிலிருந்து இரவு படுக்கும்வரை அது கரகரத்துக்கொண்டே இருக்கும். ஊருக்குச் சாலை கிடையாது. பின்னால் காடு, முன்னால் கடல், வருவதும் போவதும் படகில்தான். ஆகவே யார் எந்தக் கடல்கால்வாயில் இருக்கிறார்கள், யாருடைய எஞ்சின் மக்கர் செய்கிறது, யார் மச்சானோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். இப்படி ஊரே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒரு மனுஷர் நாற்பது வருஷம் விடாமல் பொய் சொன்னார் என்றால் அவருடைய துணிச்சலை மெச்சத்தான் வேண்டும். அவர்தான் எல்ஜின்.

வயர்லெஸ்ஸில் பொய் சொல்வது அந்தக் கரையில் குற்றமில்லை. மீன் பிடிக்கிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். வலை நிறைந்தால் "காலி" என்பார்கள், கிழக்கே இருந்தால் மேற்கே இருப்பதாகச் சொல்வார்கள். ஆனால் மற்றவர்கள் பிழைப்புக்காகச் சொன்னார்கள், எல்ஜின் ரசித்துச் சொன்னார். இருபத்திரண்டு வயதில் அப்பாவின் படகு அவர் கைக்கு வந்தது. அம்மாவின் பெயரையே வைத்த படகு, வயலெட். அந்தக் கோடையில் திமிங்கிலப் பாறைக்குப் பின்னால் முதல்முறையாகச் சால்மன் கூட்டம் அவர் வலையில் விழுந்தது. மேல்தளம் வெள்ளியாகத் துள்ளிக்கொண்டிருக்க, அவர் வயர்லெஸ்ஸை எடுத்து அலுத்த குரலில் சொன்னார்.

"இங்க ஒண்ணுமில்லப்பா. ஜெல்லிமீன்தான் வருது. நான் வீட்டுக்குப் போய் டீ குடிக்கப் போறேன்."

இரண்டு மணி நேரத்துக்குள் ஏழு படகுகள் அங்கே வந்து நின்றன. எல்ஜின் அதைத் தற்செயல் என்று நினைத்தார். அடுத்த வாரமும் தற்செயல். அடுத்த வருஷமும்.

விஷயம் இதுதான். நிஜமாகவே மீன் கிடைக்காத நாளில் எல்ஜின் கடலைத் திட்டுவார், வலையைத் திட்டுவார், மீன்வளத் துறையை அதன் மூதாதையரோடு சேர்த்துத் திட்டுவார். டீயைப் பற்றி மூச்சே விடமாட்டார். வலை நிறைந்தால்தான் அவருக்கு டீ ஞாபகம் வரும். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும், அவர் ஒருவருக்குத் தவிர. யாரும் அவரிடம் சொல்லவில்லை. மீன் இருக்கும் இடத்தைக் கூப்பிட்டுச் சொல்கிற வாயை யாராவது அடைப்பார்களா? அவருடைய அம்மாகூடச் சமையலறையில் "டீ" என்ற சொல் கேட்டதும் எழுந்து போய், மீனைப் புகைபோட்டுப் பதப்படுத்தும் புகைக்குடிசையில் நெருப்பு மூட்டிவிடுவார். எல்ஜின் மீனோடு வந்து பார்த்தால் புகை தயாராக இருக்கும். தன் அம்மாவுக்கு ஏதோ முன்கூட்டியே தெரிகிற சக்தி இருப்பதாக அவர் கல்யாணமாகிப் பத்து வருஷம் வரைக்கும் மனைவி இர்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இர்மா சிரித்ததில்லை. அந்தப் பொறுமையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

பிறகு மீன் குறைந்தது. அரசாங்கம் மீன்பிடி உரிமங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டபோது எல்ஜினும் கொடுத்துவிட்டார். வயலெட் கரையேறியது. இரண்டு வருஷம் தெற்கே ஒரு மரம் வெட்டும் முகாமில் வேலை பார்த்தார். நானூறு வருஷத்துத் தேவதாருவை நாற்பது நிமிஷத்தில் சாய்க்கிற வேலை. அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி அவர் பேசமாட்டார். அதைப் பற்றிப் பொய்கூடச் சொன்னதில்லை.

நாற்பத்தொன்பதாம் வயதில் இங்க்ரிட் என்ற பெண் நடத்தும் சுற்றுலாக் கப்பலில் வழிகாட்டியாகச் சேர்ந்தார். கப்பல் என்று மரியாதைக்குச் சொல்கிறோம்; இருபத்திரண்டு மீட்டர் நீளமுள்ள பழைய மரக்கலம், பெயர் டெர்ன், பத்து விருந்தினர்களுக்கு இடம். மே முதல் செப்டம்பர் கடைசி வரை அது காட்டு மலைகளுக்கு நடுவே நெளிகிற கால்வாய்களில் போய்க்கொண்டிருக்கும். ஓநாய், திமிங்கிலம், கழுகு எல்லாம் காட்டலாம். ஆனால் உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து ஆட்கள் கிளம்பி வருவது வெள்ளைக் கரடிக்காகத்தான். பனிக்கரடி இல்லை, எங்கள் காட்டுக் கறுப்புக் கரடிதான், பத்தில் ஒன்று, இருபதில் ஒன்று வெள்ளையாகப் பிறந்துவிடும். கறுப்புத் தாய்க்கு வெள்ளைக் குட்டி, வெள்ளைத் தாய்க்குக் கறுப்புக் குட்டி.

வெள்ளைக் கரடியைக் காட்டாமல் எல்ஜின் ஒரு பருவத்தையும் முடித்ததில்லை. அந்தப் பருவத்தின் முதல் வெள்ளைக் கரடியைப் பார்த்த அன்று கப்பல் சமையலறைக் கதவு நிலையில் வெள்ளைச் சாயத்தால் ஒரு கோடு போடுவார். பதினாலு கோடுகள் ஆகிவிட்டன. விருந்தினர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். எல்ஜின் அந்தப் பக்கம் போகிற சாக்கில் ஒதுங்கி நின்று பார்ப்பார். அறுபத்து மூன்று வயதுக்கு அந்தப் பெருமை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் படகு, உரிமம், வலை எல்லாம் போன மனுஷருக்கு மிச்சமிருந்த சொத்து அந்தப் பதினாலு கோடுகள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மனுஷர்களிடம் அத்தனை பொய் சொன்ன எல்ஜின் கரடிகளிடம் பொய் சொன்னதே இல்லை.

எங்கள் ஊரில் ஓடைக்கரையில் கால் வைக்கும்போது கரடிக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்ல வேண்டும். நான் யார், என் தாய் யார், எத்தனை பேர் வந்திருக்கிறோம், எதற்கு, எப்போது போவோம். விருந்தினர்கள் அதைப் பாதுகாப்பு ஏற்பாடு என்று நினைப்பார்கள். அதுவும் சரிதான், திடுக்கிட்ட கரடி நல்லதில்லை. ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்ய வேண்டும் என்பதுதான் அதில் முக்கியம். மூன்று பேர் என்று சொன்னால் மூன்று பேர். வெயில் இறங்குமுன் என்றால் வெயில் இறங்குமுன். எல்ஜின் ஒருமுறை இங்க்ரிட்டிடம் சொன்னார்: "மனுஷன்கிட்டப் பொய் சொன்னா அவன் திருப்பிச் சொல்லுவான், சரிக்குச் சரியாப் போயிடும். கரடிகிட்ட வயர்லெஸ் இல்லையே. அதுகிட்டப் பொய் சொன்னா அது திருட்டு."

அந்தப் பதினைந்தாவது வருஷம் மழை தாமதித்தது. எங்கள் ஊரில் மழை தாமதிப்பதென்றால் மற்ற ஊர்களில் சூரியன் உதிக்காத மாதிரி. செப்டம்பர் நடுவில்தான் தூறல் விழுந்தது. ஓடைகள் வற்றிக் கற்கள் தெரிந்தன, முட்டையிட ஓடையேறும் சால்மன் வழியில்லாமல் கடலிலேயே சுற்றிச் சுற்றிச் செத்தது. பெரிய ஓடையில் மேடை கட்டி எல்லாக் கப்பல்காரர்களும் ஆட்களை உட்காரவைப்பார்கள். அந்த மேடையில் எல்ஜினின் விருந்தினர்கள் ஐந்து நாள் மழையில் நனைந்துகொண்டு உட்கார்ந்தார்கள். பருவத்தின் கடைசிப் பயணம் அது. இதற்கு முந்தைய பயணங்களிலும் வெள்ளைக் கரடி வரவில்லை.

வின்னிபெக்கிலிருந்து வந்திருந்த ஓக்டென் என்ற ஓய்வுபெற்ற பல் வைத்தியர், கை நீளத்துக்குக் கேமரா லென்ஸ் வைத்திருந்தார். ஐந்தாம் நாள் மாலை அவர் சூப்பைக் கிளறிக்கொண்டே சொன்னார்.

"நேத்து பார்த்தது வாத்து. முந்தாநாள் வாத்து. இன்னைக்கு ஒரு மாறுதலுக்கு ரெண்டு வாத்து."

எல்லோரும் சிரித்தார்கள். எல்ஜினும் சிரித்தார், ஆனால் காது சிவந்துவிட்டது. சாப்பாடு முடிந்ததும் இங்க்ரிட் அவரைச் சுக்கான் அறைக்குக் கூப்பிட்டார்.

"எல்ஜின், உங்களைக் குறை சொல்லல. மீன் இல்லன்னா கரடி இல்ல, எனக்குத் தெரியும். ஆனா அடுத்த வருஷத்துக்குப் பாதி இடம்கூட நிரம்பல. இவங்க ஊருக்குப் போய் வாத்துக் கதை சொன்னா மீதியும் நிரம்பாது."

"நாளைக்கு ஒரு நாள் இருக்கில்ல? பாத்துக்கலாம் விடுங்க."

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக எல்ஜின் சின்ன ரப்பர் படகில் தனியாகக் கிளம்பினார். போன இடம் சின்ன ஓடை. வரைபடத்தில் அதற்குப் பெயர் கிடையாது. எல்ஜினின் தாய்வழிக் குடும்பத்துக்கு உரிய ஓடை அது. குடும்பத்தின் அனுமதி இல்லாமல் வெளியார் போகக்கூடாது. குடும்பம் என்று இப்போது மிச்சமிருப்பது இரண்டே பேர். எல்ஜின், அப்புறம் அவருடைய பெரியம்மா மகள் டோரீன். பதினாலு வருஷத்தில் ஒரு விருந்தினரையும் அவர் அங்கே கூட்டிப்போனதில்லை. ஓடை அவ்வளவு சின்னது, ஒரு கரடிக் குடும்பத்துக்குத்தான் காணும்.

அங்கே அவள் இருந்தாள்.

விழுந்துகிடந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளை என்று சொல்கிறோம், நிஜத்தில் மஞ்சளேறிய பழைய பியானோக் கட்டை நிறம். இடது காது கிழிந்திருந்தது. எல்ஜினுக்கு அவளைப் பன்னிரண்டு வருஷமாகத் தெரியும். அத்தை என்றுதான் கூப்பிடுவார். பெரிய ஓடையில் மீன் கொழித்த வருஷங்களில் அவருடைய கோடுகளில் பாதி அத்தை போட்டுக்கொடுத்ததுதான். இந்த வருஷம் அவள் பின்னிடுப்பு எலும்பு தோலை முட்டிக்கொண்டு தெரிந்தது. பக்கத்தில் ஒரு கறுப்புக் குட்டி, இந்த வருஷத்துக் குட்டி, தலை மட்டும் பெரிதாக, உடம்பு பூனையளவுக்கு ஒடுங்கிப்போய். கடல் நிறைந்திருந்தது. மத்தியானம் ஒரு மணிக்கு வற்றும்போது ஓடை வாயிலுள்ள குழியில் கொஞ்சம் மீன் மாட்டும். தாயும் குட்டியும் அதற்குத்தான் காத்திருந்தார்கள். குளிர்காலத் தூக்கத்துக்குள் அந்தக் குட்டியின் எலும்பின் மேல் சதை ஏற வேண்டும். ஏறாவிட்டால் வசந்தத்தில் தாய் மட்டும்தான் வெளியே வருவாள்.

எல்ஜின் எஞ்சினை நிறுத்தினார். அவருக்கு ஒரே சமயத்தில் இரண்டு எண்ணம் வந்தது. பாவமே என்பது ஒன்று. பதினைந்தாவது கோடு என்பது இன்னொன்று. எது முதலில் வந்தது என்று பிற்பாடு இர்மா கேட்டபோது அவர் விறகு எடுக்கப் போய்விட்டார்.

"அத்தை, நான் எல்ஜின். வயலெட் மகன்," என்றார் சத்தமாக. "மத்தியானம் பத்துப் பேரைக் கூட்டிட்டு வருவேன். தூரத்துல, அந்தப் பாறைக்கு இந்தப் பக்கம் நிப்போம். ஒரு மணி நேரம். அப்புறம் போயிடுவோம். வேற யாரும் வரமாட்டாங்க."

கிழிந்த காது ஒருமுறை அசைந்தது.

எட்டு மணிக்கு எல்லாப் படகுக்காரர்களும் வயர்லெஸ்ஸில் கூடுவார்கள். யார் எங்கே என்ன பார்த்தார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது வழக்கம், ஒரே கரடியைப் பத்துப் படகு மொய்க்கக்கூடாதென்று செய்த ஏற்பாடு. அத்தனை பேரும் பழைய மீன்பிடிக்காரர்கள். அறுபத்தாறு வயது டோரீனும் அதில் உண்டு. புருஷன் போன பிறகு அலுமினியப் படகொன்று வாங்கி, ஆறு ஆறு பேராகக் கரடி காட்டப் போகிறவர்.

"டேய் எல்ஜின்," என்றது டோரீனின் குரல். "விடியக்காலம் உன் ரப்பர் படகு எங்கயோ போச்சே. என்னடா இருக்கு உன் பக்கம்?"

அவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. நாற்பது வருஷப் பழக்கம் தானாக வாயில் வந்தது.

"ஒண்ணுமில்லக்கா. மழைதான். கப்பலுக்குத் திரும்பி வந்துட்டேன், டீ குடிக்கப் போறேன்."

"அப்படியா," என்றார் டோரீன். "குடி, குடி."

மத்தியானம் பத்துப் பேரையும் இரண்டு ரப்பர் படகுகளில் ஏற்றிக்கொண்டு எல்ஜினும் இங்க்ரிட்டும் கிளம்பினார்கள். ஓக்டென் லென்ஸைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். நிலமுனையைச் சுற்றித் திரும்பியதும் எல்ஜினின் முகத்தில் ஈயாடவில்லை. ஓடை வாயில் டோரீனின் அலுமினியப் படகு நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பின்னால், டோரீன் போகிற வேகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டுத் துரத்தி வந்த பக்கத்து ஊர் கோர்டனின் பாய்மரக் கப்பல் நங்கூரச் சங்கிலியைக் கடகடவென்று இறக்கிக்கொண்டிருந்தது.

கடல் வற்றியிருந்தது. குழியில் மீன் முதுகுகள் தெரிந்தன. அத்தை குழியின் விளிம்புவரை வந்திருந்தாள், ஒரு முன்னங்கால் தண்ணீரில். சங்கிலிச் சத்தத்துக்குத் தலையைத் தூக்கினாள். படகு படகாகப் பார்த்தாள். பிறகு திரும்பி, குட்டியை மூக்கால் தள்ளிக்கொண்டு காட்டுக்குள் போனாள். மரங்களுக்கிடையே நாலு எண்ணும் நேரம் ஒரு வெளுத்த முதுகு தெரிந்தது, அவ்வளவுதான். கேமராக்கள் படபடத்தன.

எல்ஜினுக்கு அவள் தன்னைப் பார்த்துவிட்டுத்தான் போனாள் என்று தோன்றியது. கரடி அப்படியெல்லாம் நினைக்காது என்று அவரே விருந்தினர்களுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறார். இருந்தாலும் கொடுத்த வாக்கு ஆறே மணி நேரத்தில் பொய்யாகிவிட்டது.

தன் படகை டோரீனின் படகோடு ஒட்டி நிறுத்தினார். கோபத்தில் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"யாருக்கா சொன்னது உனக்கு?"

"நீதான்."

"நான் ஒண்ணுமில்லன்னு இல்ல சொன்னேன்!"

"டீ குடிக்கப் போறேன்னும் சொன்ன."

"அதுக்கென்ன?"

டோரீன் அவரை வேடிக்கையாகப் பார்த்தார். பிறகு, இத்தனை வருஷமும் இவருக்கு நிஜமாகவே தெரியாது என்பது புரிந்ததும் வேடிக்கை முகத்திலிருந்து போய்விட்டது.

"நீ பொய் சொன்னா டீ வரும்டா. இருபத்திரண்டு வயசுலேர்ந்து அப்படித்தான். இந்தக் கரை முழுக்கத் தெரியும். உன் படகு இந்தப் பக்கம் திரும்பினதையும் பார்த்தேன். என் புருஷன் மூணு படகு எஞ்சின் வாங்கினது உன் டீயிலதான்."

எல்ஜின் மனசில் ஏழு படகுகளும், புகைக்குடிசை நெருப்பும், எல்லாம் ஒவ்வொன்றாக வந்து பொருந்தின.

"அம்மாவுக்கும் தெரியுமா?"

"உங்கம்மாதான்டா எங்களுக்குச் சொன்னாங்க. எம் புள்ளைக்கு ஒருநாளும் பொய் சொல்லத் தெரியாது, அவன் வலைல கிடைக்கறது ஊருக்கும் கிடைக்கட்டும், யாரும் அவன்கிட்டச் சொல்லிடாதீங்கன்னு." டோரீனின் குரல் மாறியது. "ஆனா இன்னைக்கு நீ செஞ்சது சரியில்ல. இது என் அம்மாவோட ஓடையும்தான். மீனுக்காகப் பொய் சொன்ன, சிரிச்சோம். ஓடையைப் பத்தியே பொய் சொல்லுவியா, அதுவும் எங்கிட்ட? கூப்பிட்டுச் சொல்லியிருந்தா நான் ஏன் ஆறு பேரை ஏத்திக்கிட்டு வரப்போறேன்?"

எல்ஜின் குழியை நோக்கித் திரும்பிக்கொண்டு மீனை எண்ணினார். முப்பத்தொன்று. பின்னாலிருந்து ஓக்டென் கேட்டார்.

"காத்திருந்தா திரும்ப வருமா?"

பொய் சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்! வராது, போய்விட்டது என்று சொல்லிவிட்டால் யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. எல்ஜின் சொன்னார்:

"வரலாம். பசி தாங்காம ஒருவேளை வருவா. ரெண்டு மணி நேரம் ஆகலாம். நல்லா படமும் கிடைக்கும். அதுக்குள்ள தண்ணி ஏறிடும், மீன் போயிடும். அவளும் குட்டியும் இன்னைக்குப் பட்டினி. நாளைக்கும் இதே கதைன்னா அந்தக் குட்டி குளிரைத் தாண்டாது. நான் நிக்கப்போறதில்ல."

எல்ஜின் வயர்லெஸ்ஸை எடுத்தார். எல்லோரும் கேட்கிற அலைவரிசைதான்.

"எல்லாருக்கும். எல்ஜின் பேசறேன். காலைல நான் சொன்னது பொய். சின்ன ஓடைல வெள்ளைக் கரடி இருக்கு. காது கிழிஞ்சவ. கூட ஒரு கறுப்புக் குட்டி, எலும்பும் தோலுமா இருக்கு. குழில முப்பத்தோரு மீன், எண்ணிட்டேன். நாம இங்க நிக்கறவரைக்கும் அவ வெளிய வரமாட்டா. நான் கிளம்பறேன். நீங்களும் கிளம்பிடுங்க. இந்த வருஷம் யாரும் இங்க வரவேணாம்." பொத்தானை விட்டார். மறுபடி அழுத்தினார். "யாரும் வரமாட்டாங்கன்னு அவகிட்டச் சொல்லிட்டேன். என் பேரையும் எங்கம்மா பேரையும் சொல்லிச் சொன்னேன். அதைப் பொய்யாக்கிடாதீங்க."

ஐம்பத்திரண்டு சமையலறையிலும் அப்போது யாரும் மூச்சு விட்டிருக்கமாட்டார்கள். அன்று மத்தியானம் டோரன் பேயில் பல வீட்டில் சூப் அடிப்பிடித்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கும் இர்மா, அங்கிருந்த பெட்டியில் இதைக் கேட்டு, எண்ணெயிலிருந்து ரொட்டியை எடுக்க மறந்து கரியாக்கிவிட்டார். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் கருக்கிய ரொட்டி அந்த ஒரு சட்டிதான். நாற்பது வருஷப் பொய்யர் முதல்முறையாக உண்மை பேசும்போது ஊருக்கு அதை எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியவில்லை.

பிறகு டோரீனின் எஞ்சின் கிளம்பியது. அவர் கையைக்கூட ஆட்டவில்லை. படகைத் திருப்பிக்கொண்டு முனையைத் தாண்டிப் போனார். கோர்டனின் கப்பல் மட்டும் நின்றது. இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். அப்புறம் நங்கூரச் சங்கிலி ஏறுகிற சத்தம் கேட்டது, இந்தத் தடவை கையால் ஒவ்வொரு வளையமாக, சத்தமில்லாமல் இழுக்கப் பார்க்கிற மாதிரி.

டெர்னுக்குத் திரும்பியதும் ஓக்டென் கேமராவைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "முதுகு பார்த்தேன்ல? கணக்குல சேர்த்துக்குங்க. கோடு போடுங்க."

"அது போறதைப் பார்த்தது," என்றார் எல்ஜின். "தானா வர்றதைப் பார்த்தாத்தான் கோடு."

"பிடிவாதக்காரர்யா நீங்க," என்றார் பல் வைத்தியர். அவர் சந்தோஷமாக ஒன்றும் ஊருக்குப் போகவில்லை. உண்மை பேசினால் உடனே எல்லோரும் தோளில் தட்டிக்கொடுப்பார்கள் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

இங்க்ரிட் சுக்கான் அறையில் வரைபடத்தை மடித்து வைத்தார். பிறகு, "காலைலயே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்," என்றார்.

"சொல்லியிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

"போய்ப் பார்க்கலாம்னுதான் சொல்லியிருப்பேன்." சுக்கானைத் திருப்பிக்கொண்டே, "கோட்டுக்காகத்தானே?" என்று கேட்டார்.

"ஆமா. கோட்டுக்காகத்தான்."

கப்பல் தெற்கே போய்ச் சேர்ந்தது. சமையலறைக் கதவு நிலையில் பதினாலு கோடுகள் இருந்தன.

அந்தக் குளிர்காலத்தில் டோரன் பேயின் வயர்லெஸ்ஸில் எல்ஜினின் குரலே கேட்கவில்லை. உடம்பு சரியில்லையோ என்று மூன்று வீட்டிலிருந்து மீன் சூப் வந்தது. நிஜம் என்னவென்றால் அவருக்கு வாய் திறக்கவே கூச்சமாகிவிட்டது. எதைச் சொன்னாலும் ஊர் அதில் டீயைத் தேடும் என்று பயந்தார். வீட்டில்கூட, "சூடா ஏதாவது குடு," என்றுதான் கேட்டார்.

"பேரைச் சொல்லித்தான் கேளேன்," என்பார் இர்மா. "நான் ஒண்ணும் வலையைத் தூக்கிக்கிட்டு ஓடமாட்டேன்."

ஆனால் இரவில் பனி விழும்போது அவர் ஜன்னலோரம் நின்று மலைப்பக்கம் பார்ப்பதை இர்மா கவனித்திருக்கிறார். மலையில் ஏதோ ஒரு பொந்தில் அந்தக் குட்டி தூங்கிக்கொண்டிருக்கும், இருந்தால். செப்டம்பர் கடைசியிலிருந்து ஒருவரும் சின்ன ஓடைப் பக்கம் போகவில்லை. கோர்டனும் போகவில்லை. ஆகவே மிச்ச மீனை அவர்கள் தின்றார்களா, அது போதுமானதாக இருந்ததா, யாருக்கும் தெரியாது. தான் போய்ப் பார்க்க எல்ஜினுக்கு மனம் வரவில்லை. வாக்கு அவருக்கும் சேர்த்துத்தான்.

மே மாதம் வந்தது. கழிமுகங்களில் புதுப்புல் முளைக்கிற பருவம், தூங்கி எழுந்த கரடிகள் முதலில் அதைத்தான் மேயும். ஒரு காலையில் எல்ஜின் மேசையில் உட்கார்ந்து ஊலிக்கன் என்ற பொடிமீனின் நெய்யைக் கருவாட்டில் தடவிக்கொண்டிருந்தார். இர்மா வேலைக்குக் கிளம்பக் காலணி மாட்டிக்கொண்டிருந்தார். வயர்லெஸ் கரகரத்தது.

"டோரீன் பேசறேன். வடக்கே நண்டுப் பொறி பார்க்கப் போயிட்டு வர்றேன். வர்ற வழில சின்ன ஓடை வாசல்ல, கடலோரமாவே தாண்டினேன். நிக்கல."

எல்ஜின் கை அப்படியே நின்றது. இர்மாவும் ஒரு காலணியோடு நின்றார்.

"அங்க ஒண்ணுமில்ல," என்றார் டோரீன். "மழைதான்."

கரகரப்பு. பிறகு, ரொம்ப அலுத்துப்போன குரலில், நாற்பது வருஷமாகக் கேட்டு மனப்பாடமான அதே குரலில்:

"நான் வீட்டுக்குப் போய் டீ குடிக்கப் போறேன்." இன்னும் ஒரு கரகரப்பு. "ரெண்டு கப்."

இர்மா மெதுவாகக் காலணியைக் கழற்றிவிட்டு அடுப்பில் கெட்டிலை வைத்தார். எல்ஜின் எழுந்து போய் வயர்லெஸ்ஸை எடுத்தார்.

"நல்லாக் குடி, அக்கா," என்றார். அதற்குமேல் முடியாமல் அழுதுவிட்டார். பொத்தானை விட மறந்ததால் அதையும் ஊர் கேட்டது.

ஐம்பத்திரண்டு வீட்டுக்கும் அந்த ரெண்டு கப்பின் அர்த்தம் தெரியும். அன்று டோரன் பே துறையிலிருந்து ஒரு படகும் கிளம்பவில்லை.